சுவருக்கு வந்த காய்ச்சல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதக் காலை. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் மேனேஜர். அன்று நூல் வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. காலையிலிருந்தே என் அறையில் சந்தைக் கூட்டம். பூங்கொத்து வரவில்லை என்று ஒருவர், கெஸ்ட் ஹவுஸ் ஏசி ஓடவில்லை என்று இன்னொருவர். எல்லாமே தலைபோகிற அவசரம். நானும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகுதான் கதவோரம் நின்ற ஹாஸ்டல் வார்டன் அக்காவைக் கவனித்தேன். எங்கள் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இவர்தான் பொறுப்பு.

"ஒண்ணுமில்ல மேடம். ஹாஸ்டலுக்கு ஒரு பூசாரியக் கூட்டியாந்து பூசை போட்டுக்கிறட்டுமா? பிள்ளைக பயப்படுதுக."

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்குப் பயம் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சுவரு சுடுது மேடம். ஆத்தா எறங்கியிருக்கான்னு பேசிக்கிதுக."

சிரிப்புதான் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. கூடவே போனேன்.

ஜன்னல்களையெல்லாம் சாத்தி ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் ஒருவரோடொருவர் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவரை ஒட்டி மட்டும் ஒரு பாய்கூட இல்லை. அதில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகியிருந்தார்கள். காலையில் வைத்த இலைதான் என்றார் அக்கா. தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்கார உடம்பைத் தொட்டது போலிருந்தது.

அடுத்த நொடியே உறைத்தது. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் பஞ்சு குடோன். இறுக்கிக் கட்டிய பஞ்சு பேலுக்குள் ஒரு பொறி விழுந்தால் புகைகூட வராது. நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்துவிட்டு, காற்றுப் பட்டதும் குபீரென்று பற்றும்.

போன் அடித்தது. விருந்தாளிகளின் கார் கேட்டுக்கு வந்துவிட்டதாம், உடனே வரச் சொல்லி ஜி.எம். நான் வரவில்லை, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பெண்களை எழுப்பினோம். தூக்கக் கலக்கத்தோடு வரிசையாக வெளியேறினார்கள்.

தீயணைப்பு வீரர்கள் சுவரோடு ஒட்டியிருந்த பேலைத் தண்ணீர் அடித்தபடியே முற்றத்துக்கு இழுத்து வந்து, அதைக் கட்டியிருந்த கம்பிகளை வெட்டினார்கள். வெளியே வெள்ளை வெளேரென்ற பஞ்சு. பிளந்தால் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பொந்து, அதற்குள் சத்தமில்லாமல் சிவந்த கனல். வரவேற்க ஆளில்லாமல் தாங்களே நடந்து வந்த விருந்தாளிகளும் அதை எட்டிப் பார்த்தார்கள்.

ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று அந்தப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள், நான் மறுப்பதில்லை. அன்று என் அறைக்கு வந்த அவசரங்களில் எதைத் தள்ளிப் போட்டிருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. தள்ளிப் போட நான் வாயெடுத்தது, ஒண்ணுமில்ல மேடம் என்று ஆரம்பித்த அந்த ஒன்றைத்தான்.