அவருடைய காலுக்கு நான் வைத்த நேர்த்தி

எதற்கெடுத்தாலும் நேர்த்தி வைப்பது என் பழக்கம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை, காணாமற்போன ஆடு, பிந்திய மழை, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு கோயிலில் வாயைக் கொடுத்துவிடுவேன். கடவுளுக்கே லஞ்சம் கொடுக்கிறவளைக் கட்டியிருக்கிறேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் நான் நேர்ந்ததெல்லாம் என்னால் செய்யக்கூடியவை: ஒரு பொங்கல், ஒரு கற்பூரச்சட்டி.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வலது முழங்கால் மோசமானது. வட்டைக்கு, வயல்வெளிக்குப் போனால் வரம்பில் கால் ஊன்ற முடியாது. வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டார். வயலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்.

மட்டக்களப்பில் ஒரு டொக்டர் பி.ஆர்.பி. ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். நோயாளியின் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிரிந்து வரும் மஞ்சள் நீரை முழங்காலுக்குள் ஏற்றுவார்களாம். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள். அது உள்ளே சுழன்றுகொண்டிருக்க, நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்து கதிர்காமத்து முருகனைக் கும்பிட்டேன். ஊசி பலித்தால் இவரை உன் கோயிலுக்குக் காட்டுவழியே நடத்திக் கூட்டிவருகிறேன் என்று நேர்ந்துவிட்டேன். என் காலை அல்ல, அவருடைய காலைக் கொடுத்தேன்.

ஊசி போட்ட பிறகு டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திச் சொன்னார்: குணமானாலும் மணலில் நெடுந்தூரம் நடக்கக் கூடாது. இரண்டு காதாலும் கேட்டேன். கோயிலில் கேட்டு நேர்த்தியை வேறொன்றாக மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மூன்றாம் மாதம் அவர் உரமூடையோடு வரம்பில் நடந்ததைப் பார்த்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. சொன்ன சொல் தவறினால் கொடுத்த காலை முருகன் திருப்பி எடுத்துவிடுவான் என்று நம்பினேன்.

கதிர்காமத்துக்கு ஆட்கள் நடக்கத் தொடங்கியபோதுதான் அவரிடம் சொன்னேன்.

“நேந்தது நீ, நடக்கிறது நானா?” என்றார்.

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அழுதே அவரைக் கிளப்பினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. உகந்தை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்கினோம். வழியெல்லாம் மணல். இரண்டாம் நாள் மத்தியானம் அவருடைய முழங்கால் தேங்காயளவு வீங்கியது. தண்ணீர் கொண்டுவந்த உழவு இயந்திரத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்தில் இருந்த எனக்குக் காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். வட்டையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே. இந்த வயதில் கவனம் வேண்டாமா என்று டொக்டர் அவரைத்தான் ஏசினார். பிறகு என்னிடம், நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இனி ஊசியால் பெரிய பலன் இராது, வயல்வேலையை மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வரும்போது ஓட்டோவில் நான் அழுதேன். ஏசுங்கள், அடியுங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்றேன். அவர் காலை நீட்டியபடி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லடிப் பாலம் கடந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“கதிர்காமத்துக்குப் பாதி வழிதானே போனம். மிச்சத்த எப்பிடி நடந்து முடிக்கிற?”

கேலி செய்கிறார் என்றுதான் முகத்தைப் பார்த்தேன். அவர் பயந்துபோயிருந்தார்.