மாமா செய்த தகரக் கார்

உள்ளங்கை அளவுக் காருக்குள் ஒருவர் இடுக்கியால் மயிரிழை போன்ற ஒயர்களைப் பொருத்துவதை மகள் செல்போனில் காட்டினாள். இப்படியும் ஒரு வேலை இருக்கிறது பாரேன் என்றாள். நானும் ஒரு காருக்கு ஒயர் மாட்டியவள்தான். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது; எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். மாமாவுக்கு மட்டும் மோட்டார் சத்தம் பிடித்துவிட்டது. கண்ணமங்கலம் சாலையில் இருந்த மெக்கானிக் ஷெட் முதலாளி, காருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று முதலில் செய்து காட்டு, பிறகு வண்டியைத் தொடலாம் என்று ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார். வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே தறிக்குழியில் இறங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. “நம்ம மச்சான் தறிய உட்டுட்டு பொம்ம செஞ்சிகினு கீறாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பிஸ்கட் டப்பாத் தகரத்தில் முழங்கை நீளக் கார். ஒயருக்குப் பதில் அம்மா ஒதுக்கிய கழிவுப் பட்டு நூல். விளக்குக்கு மஞ்சள், ஹாரனுக்குப் பச்சை, பேட்டரிக்குச் சிவப்பு என்று எட்டு நூல்கள். முன்பக்கத்திலிருந்து வந்த எட்டும் சுவிட்சுகளிலிருந்து வந்த எட்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் எதிரெதிரே, நிற வரிசை மாறித் தொங்கின. நிறம் பார்த்துச் சேர்ப்பதுதான் பாக்கி. அந்தத் திங்கட்கிழமை காலை மாமா குளிக்கப் போனார்.

தொங்கும் இழையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் யாரும் சும்மா போக மாட்டார்கள். தறியில் தீரப்போகும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும்போது நிறமா பார்ப்போம்? முதல் இழையோடு முதல் இழை, அடுத்ததோடு அடுத்தது. இழை வழுக்காமலிருக்க விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு எட்டையும் வரிசையாக முறுக்கிப் பிணைத்துவிட்டேன்.

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். அந்தப் பிணைப்பைப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் முடியும். அறுத்தால் நூல் எட்டாது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காரைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

சாயங்காலம் வந்து, அவசரத்தில் மாற்றிச் சேர்த்துவிட்டேன் என்றுதான் கதையை ஆரம்பித்தார். முதலாளி உள்ளே பார்த்துவிட்டு, ஹாரனை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டாராம். “ஹாரன் அடிக்காதுங்க, வலது பக்கத்து லைட்டு எரியும்” என்றாராம் மாமா. லைட்டைப் போட்டால் வைப்பர் ஆடும் என்றும், எந்த இணைப்பு வண்டியையே கொளுத்திவிடும், எதை எதோடு மாற்ற வேண்டும் என்றும் காரைத் திரும்பிப் பாராமலே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். சரியாகச் செய்து வந்திருந்தால் மனப்பாடம் என்று நினைத்திருப்பேன் என்ற முதலாளி, நாளைக்கே வரச் சொல்லிவிட்டார். அப்பாகூடச் சிரித்தார். அம்மா கேசரி கிண்டப் போனாள்.

எனக்கு இதில் பாதி புரியவில்லை. மாமா தனியாக இருந்தபோது கிட்டே போய், “நான் சரியாத்தான பிணைச்சேன்?” என்று கேட்டேன்.

“ஒரு இழகூட அவுந்துக்கல, பாப்பா” என்றார்.

எதற்கும் வாய் திறக்காத நான், காருக்கு ஒயர் மாட்டி மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். நான் கேட்டது ஒன்று, மாமா சொன்னது வேறொன்று என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.