ரேடியோ இறங்கிய மேசை

எங்கள் வீட்டு மேசையில் நான்கு வட்டத் தழும்புகள் இருக்கின்றன. சவூதிக்கு வேலைக்குப் போன என் கணவர் அனுப்பிவைத்த கசற் ரேடியோவின் ரப்பர்க் கால்கள் பதிந்த இடம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்முனைத் தெருவில் அப்படியொரு ரேடியோ இருப்பது பெரிய கௌரவம். வீட்டிலிருந்த ஒரே மேசையில், பூவேலைத் துணி போர்த்திக்கொண்டு, அது புது மாப்பிள்ளை மாதிரி வீற்றிருந்தது. நானோ அதன் காலடியில் பாய் விரித்து, கை மெஷினைத் தரையில் வைத்து, கூனிக் குறுகித் தைத்துக்கொண்டிருந்தேன். உம்மாவும் அப்படித்தான் தைத்தார். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்த வருடம் நோன்பு தொடங்கும்போதே என் நாரி, முதுகின் அடிப்பகுதி, பிடித்துக்கொண்டது. நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியின் எண்ணெயும் தவிட்டு ஒத்தடமும் ஒரு பொழுதுக்குத்தான் தாங்கின. பெருநாள் சட்டைத் துணிகள் குவிந்து கிடந்தன. அதைவிட என்னை வதைத்தது வேறொன்று. நடக்கத் தொடங்கியிருந்த மகன் கைகளை நீட்டிக்கொண்டு வருவான். தூக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இனி அவனைத் தூக்கவே மாட்டேனோ என்று நான் அழாத நாளில்லை.

என் கணவரின் மூத்த சகோதரியை மதினி என்று கூப்பிடுவேன். வாய்த்துடுக்கானவர், அவர் வருகிறார் என்றாலே வீட்டைக் கூட்டி வைப்பேன். ஒருநாள் நோன்புக் கஞ்சியோடு வந்தவர், நான் சுவரைப் பிடித்து எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேரே மேசைக்குப் போய், தம்பியின் ரேடியோவைத் தூக்கிப் பாயில் வைத்தார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பதறினேன்.

“ரேடியோவுக்கு நாரி நோகுமா புள்ள?” என்றார். “ஒனக்குத்தானே நோகுது.”

மெஷின் மேசைக்கு ஏறியது. கதிரையில் உட்கார்ந்தபோது கால்கள் தொங்கின. பாதத்துக்கு ஒரு பலகை போட்டார். சட்டைக்கு ஒரு கை தைத்து முடிந்ததும் எழுந்து கிணற்றடி வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பிள்ளையைக் குனிந்து அள்ளாமல், குந்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பச் சொன்னார். இதெல்லாம் எங்கே படித்தவர் என்று கேட்டால், மூன்று பிள்ளைகளையும் ஒரு சோம்பேறிப் புருஷனையும் சுமந்தவளுக்குத் தெரியாதா என்பார்.

நோவு ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் பெருநாள் காலையில், பள்ளிவாசலில் தக்பீர் முழங்கிக்கொண்டிருக்க, புதுச் சட்டையோடு நின்ற மகனைத் தூக்கினேன். மதினி பார்க்காத மாதிரி வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

கணவர் விடுமுறையில் வந்தபோதுதான் எனக்குப் பயம். கடல் கடந்து உழைத்து அனுப்பியது தரையில் கிடந்தது. அவர் மேசையைப் பார்த்தார். என் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கசற்றைப் போட்டார்.

“இஞ்ச இருந்து கேட்டாலும் அதே பாட்டுத்தான்” என்றார்.

அந்த ரேடியோ எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மதினியும் இப்போது இல்லை. நான் இன்னும் அந்த மேசையில்தான் தைக்கிறேன். நேற்று மகனின் மகள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள். குந்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பி, மெஷினைச் சற்றுத் தள்ளிவிட்டு, அந்த நான்கு தழும்புகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்தேன்.