ஜெமி காட்டிய சிவப்பு அட்டை

ஆண்டவர் என் வூட்ல செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியல, அதான் சபை முன்னாடி மைக்கப் புடிச்சேன். என் பேரு எஸ்தர். ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில லைன் வேலை.

என் பொண்ணு ஜெமிக்கு ஏழு வயசு. காது நல்லா கேக்கும், பேச்சு வரல. கோவம் வந்தா தன் கையையே கடிச்சுக்குவா. போன மழைக்காலத்துல கை புண்ணாயி சீழ் வெச்சிடுச்சு. எது புடிக்கலன்னு தெரியாம நானும் கூட உக்காந்து அழுவேன். "ஆண்டவரே, அவ வாயத் தொறங்க." இது ஒண்ணுதான் என் ஜெபம்.

ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணு டேப்லெட், படத்தைத் தொட்டா அதுவே பேசும். இன்னொண்ணு படம் ஒட்டுன அட்டை ஃபைலு, வேணும்ன்ற அட்டைய எடுத்து நம்ம கைல குடுக்கணும். "எது ஒத்து வருதுன்னு ஜெமியே காட்டுவா"ன்னாங்க. எனக்கு எதையும் நோண்டிப் பாக்குற புத்தி. ரெண்டையும் வெச்சுப் பாத்தேன். டேப்லெட் "எனக்குத் தண்ணீர் வேண்டும்"னு நியூஸ் வாசிக்குது. "நம்ம வூட்ல யாருடி இப்டி பேசுறது?"ன்னு எங்க வூட்டுக்காரரு சிரிச்சாரு. ஜெமி அந்தக் குரலுக்காகவே ஒரே படத்தை அமுக்கினு இருந்தா. அட்டைன்னா, ஓடியாந்து என் கைல திணிச்சா. சரி, இப்போதைக்கு அட்டைன்னு முடிவு பண்ணோம்.

சோறு, தண்ணி, பாத்ரூம், பிஸ்கெட், ஊஞ்சல்னு ஆசை ஆசையா ஒட்டினேன். அப்பவும் கடி நிக்கல. ஏன்னு மண்டைய ஒடச்சுக்கினு டீச்சர்கிட்ட போனேன். ஃபைலைப் பொரட்டிட்டுக் கேட்டாங்க, "உங்க லைன்ல ஏதாவது தப்பாப் போனா என்ன பண்ணுவீங்க?"

"செவப்பு பட்டன அமுக்குவோம் மிஸ், லைன் நின்னுடும். நேத்து சேந்தவங்ககூட அமுக்கலாம்."

"ஜெமிக்கு அந்த பட்டன் எங்க எஸ்தர்?"

ஃபைல வாங்கி நானே பொரட்டிப் பாத்தேன். வேணும்னு கேக்க அத்தினி படம். வேணாம்னு சொல்ல ஒண்ணு இல்ல.

அன்னிக்கே செவப்பு அட்டை செஞ்சு இடுப்புல மாட்டி வுட்டோம். "போதும்"னு அர்த்தம். தலை வாரும்போது அத எடுத்தா, சீப்பக் கீழ வெச்சிடுவேன். அப்டியே பழக்கினோம்.

அதுக்கப்புறம் வந்த உபவாச ஜெபம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எல்லாரும் சுத்தி நின்னு, அவ தலைல கை வெச்சு சத்தமா ஜெபிச்சீங்க. அவ கை வாய்க்குப் போச்சு. நான் கண்ண மூடல, அவளையே பாத்துகினு இருந்தேன். கை பாதில நின்னுச்சு. இடுப்புல இருந்த அட்டைய உருவி பாஸ்டர் கைல குடுத்தா.

"இன்னாம்மா இது?"ன்னாரு பாஸ்டர்.

"ஜெமி பேசுறா பாஸ்டர். போதும்ன்றா."

அவரு ஆமென்னு சொல்லி அப்டியே நிறுத்திட்டாரு. ஜெமி சிரிச்சா. எனக்குத்தான் அழுகை அடங்கல. என் ஜெபத்துக்குப் பதில் பாஸ்டர் கைல இருந்துச்சு.

இப்போ கை ஆறிடுச்சு, பாருங்க. டேப்லெட்டையும் அப்புறம் திரும்பப் பாக்கலாம்னு டீச்சர் சொல்லிகீறாங்க. நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்க. பதில் எப்டி வருதுன்னு கண்ணத் தொறந்து வெச்சுப் பாருங்க. இன்னும் சொல்ல நெறைய கீது. ஆனா முன்வரிசைல ஒருத்தி எனக்குச் செவப்பு அட்டை நீட்டினு கீறா. நிறுத்திக்கிறேன். ஆமென்.