மார்கழி விடுமுறையில் கெமரா பழகப் போனேன்: கந்தப்பளை, றொசல்ல, பிறகு அம்மா வேலை செய்யும் மலை

முதலில் மன்னித்துவிடுங்கள். படம் எடுப்பதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஒன்பது நாட்களில் நானூறுக்கு மேல் எடுத்து, பதினொன்றை மட்டும் அழிக்காமல் வைத்திருப்பவள் நான். போதாததற்கு, புது ஆட்களிடம் பேசுவதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும், டிசம்பர் லீவில் மலையகம் வந்து கெமரா பழகலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு என் எரிச்சல்களாவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் ஊர் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில், பிரதான வீதியை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். இப்போது வேலை கொழும்பில். அம்மா அதே தோட்டத்தில் முப்பத்தேழு வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். டிசம்பர் முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. அம்மாவின் படங்கள் வீட்டில் நிறையவே இருக்கின்றன. திருவிழாவில், கல்யாண வீடுகளில், என் பட்டமளிப்பு விழாவில். வேலை செய்கிற படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு படத்தை, அம்மா கூடையை இறக்கி வைப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். அலுவலகத்து அக்கா ஒருவரிடம் பழைய கெமராவை இரவல் வாங்கினேன். லென்ஸ் ஒன்றே ஒன்று, 18-55. அம்மாவுக்கு முன்னால் தடுமாறக் கூடாது என்று, முதலில் வேறு இரண்டு இடங்களில் கை பழகுவதாக முடிவு செய்தேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. முதல் பிழை அதுதான்.

டிசம்பர் 23 காலை 6.15க்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். ஹட்டனுக்கு ஐந்தரை மணித்தியாலம், அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் ஒன்றேகால். நத்தார்ப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்களோடு நின்றுகொண்டே வந்தேன். கெமராப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்ததால், பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

26ஆம் திகதி கந்தப்பளை. நுவரெலியாவிலிருந்து பதினொரு கிலோமீட்டர்தான், ஆனால் ஏரிக்கரையில் வாகனங்கள் அசையாததால் எழுபது நிமிடம் ஆனது. கண்டக்டர் என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கெமரா எல்லாம் வச்சிக்கிட்டு எங்கம்மா போறீங்க?"

"கந்தப்பளைக்குங்க."

"அங்க என்னா இருக்கு எடுக்க? லீக்ஸும் கோவாவும்தான்."

"அதத்தாங்க எடுக்கப் போறேன்."

"அப்ப என்னைய எடுங்க. நானும் காலையில இருந்து வாடிப்போய்த்தான் நிக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கந்தப்பளையில் பனிமூட்டம். படி படியாக இறங்கும் கோவா, லீக்ஸ் மரக்கறித் தோட்டங்கள் கண்ணுக்கு வெள்ளைப் பாலில் மிதப்பது போல இருந்தன. கெமராவில் எல்லாம் பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறம். நூற்றிருபது படம், அத்தனையும் சாம்பல். குளிர் தாங்காமல் ஒரு தேநீர்க் கடைக்குள் போனேன். உள்ளே அடுப்புச் சூடு. லென்ஸ் வியர்த்து, அடுத்த இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் வெளியே பனி விலகி வெயில் அடித்தது. நான் வெளியே வந்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

மூட்டத்தின் வெள்ளையைக் கெமரா அதிக வெளிச்சம் என்று எண்ணித் தானாகவே இருட்டாக்கிவிடுகிறது என்பதை வீட்டுக்கு வந்து வாசித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டல் கழித்தல் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதில் கூட்டல் ஒன்று வைத்தால் போதுமாம்.

28ஆம் திகதி றொசல்ல. தேயிலைக்கு நடுவில் சின்ன ரயில் நிலையம். வளைவில் ரயில் வரும் படம் எடுக்க அருமையான இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, மிச்சத் தூரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். நானூறு ரூபா. ஆட்டோக்கார அண்ணன் காத்திருந்து திருப்பிக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நாற்பது நிமிடம் நின்றேன். ரயில் வந்தது. நான் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்த நான்கு படங்களில் மூன்று நீலக் கோடு, ஒன்று கடைசிப் பெட்டியின் முதுகு.

"எல்லாரும் ட்ரெய்ன் வர்றப்ப எடுப்பாங்க," என்றார் அண்ணன், எட்டிப் பார்த்து. "நீங்கதான் வழியனுப்பி வச்சிட்டு எடுக்கிறீங்க."

ஷட்டர் நாற்பதில் ஒரு பங்கு விநாடியில் இருந்தது. ஐந்நூறில் ஒரு பங்காவது வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடமும் படித்த தெம்பில், 29 மாலை அடுப்படியில் வைத்து அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, நாளைக்கு மலையில ஒங்கள ஒரு படம் எடுக்கணும்."

"மலையிலயா? படங்கு கட்டிக்கிட்டா?" படங்கு என்பது செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. "அதெல்லாம் வேணாம்."

"வேன்ல சுத்திப் பாக்க வர்றவங்க எடுக்கிறப்ப மட்டும் சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்கதானே?"

"அவுங்க யாருன்னு எனக்குத் தெரியாது. நான் யாருன்னு அவுங்களுக்குத் தெரியாது. நீ எடுத்தா ஒங்க ஆபீசுல பாப்பாங்க. இவ அம்மாவா இதும்பாங்க."

"சொன்னா சொல்லட்டுமே."

"ஒனக்கு லேசு. முப்பத்தொண்ணு அந்திக்குச் சீலை கட்டிக்கிட்டு நிக்கிறேன், அப்ப எத்தன வேணும்னாலும் எடு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முப்பத்தேழு வருடம் வழிப்போக்கர்கள் யாரும் எடுக்கலாம், பெற்ற பிள்ளை எடுக்கக் கூடாதாம். வெளியே வந்து, துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தேன்.

30 காலை, மனம் மாறலாம் என்ற நப்பாசையில் கெமராவோடு வீதியோரம் போய் நின்றேன். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. வேண்டாம் என்றவரைத் திருட்டுத்தனமாக எடுக்க மனம் வரவில்லை. பத்து மணிக்கு மூட்டம் பின்மலைப் பக்கம் ஒதுங்கி, அதுவரை ஒரு நாளும் வராத வெளிச்சம் அன்றைக்கு வந்தது. அம்மா கீழே இரண்டாவது நிரையில் நின்றார்.

"மக வந்திருக்கு, சினிமாவுக்கு எடுக்கப் போகுது," என்றார் பக்கத்து நிரை அக்கா. "கொஞ்சம் பவுடர் போட்டுக்கங்க அக்கா."

"படமெல்லாம் பொறவு பாத்துக்கலாம்," என்று மேலேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார். "கொழுந்து முத்திப் போகுது, கைய ஓட்டுங்க."

பத்தரைக்கு ஒரு வெள்ளை வேன் நின்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. பச்சை மழைக்கோட்டு போட்ட ஒரு அக்கா, என்னுடையதைவிடப் பெரிய கெமராவோடு இறங்கி என் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"அம்மா, ஒருக்கா இஞ்சால பாருங்கோ. கையை எடுக்க வேண்டாம், அப்பிடியே நில்லுங்கோ."

அம்மா நிமிர்ந்தார். அந்த நேரம் பக்கத்து நிரை அக்கா ஏதோ சொல்ல, அம்மாவுக்குச் சிரிப்பு பாதியில் வந்தது. கை கொழுந்துக்கும் கூடைக்கும் நடுவில் நின்றது. கெமரா சத்தமிட்டது. அந்த அக்கா திரையை எனக்குக் காட்டினார்.

"வடிவா வந்திருக்கு, என்ன? ஆனா கொஞ்சம் இருட்டு."

"பின்னால மூட்டம் வெள்ளையா இருக்குங்க. கூட்டல் ஒண்ணு வச்சிப் பாருங்க," என்றேன்.

வைத்தார். மறுபடி எடுத்தார். நான் எட்டு நாட்களாக மனதில் எடுத்துக்கொண்டிருந்த படம் அந்தத் திரையில் இருந்தது. "தாங்ஸ் தங்கச்சி," என்றார். அது யார் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கேட்கும் தூரம். அவர் பயந்ததை அவர் முன்னாலேயே செய்வதாகிவிடும் என்று தோன்றியது. அந்தக் காரணத்துக்குப் பின்னால் கூச்சமும் ஒளிந்துகொண்டது. ஐந்து நிமிடத்தில் வேன் நுவரெலியாப் பக்கம் போய்விட்டது.

31 மாலை, சொன்னபடி அம்மா பட்டுச்சீலை கட்டி, கைப்பையோடு, சுவரோரம் விறைத்து நின்றார். வெளிச்சம், கூர்மை, நிறம் எல்லாம் சரி. அந்தப் படத்தில் என் அம்மாதான் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அந்த நாட்களில் நுவரெலியா நகருக்குள் காலை எட்டுக்கு முன் நுழைந்துவிடுங்கள், பயண நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சூடான கடைக்குள் போகும்போது கெமராவைப் பைக்குள் மூடி வையுங்கள், சூடு மெல்ல ஏறட்டும். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள். பழகுவதற்கு முன் றொசல்லயில் ரயிலுக்குக் காத்து நிற்காதீர்கள். கொழுந்து பறிக்கிறவர்களை எடுப்பதானால் முதலில் கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள். மகளே என்றாலும் கேட்பதை முந்தின நாள் மாலை வரை தள்ளிப் போடாதீர்கள்.

ஜனவரி முதலாம் திகதி பஸ் ஏறுவதற்கு முன் அம்மாவிடம் வேன் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கேட்டு வாங்கியிருக்கலாமே."

"நீங்கதானே வேணாம்னீங்க?"

"நீ எடுக்கிறதத்தான் வேணாம்னேன். எடுத்தத வேணாம்னு சொன்னேனா? ஒருநாளைக்குக் கெடச்சா வாங்கி வீட்டுல வையி. ஆபீசுக்கு மட்டும் கொண்டு போகாத."

தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

ஆகவே, பச்சை மழைக்கோட்டு அக்கா, இதை நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ வாசித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். டிசம்பர் 30, காலை பத்தரை, தலவாக்கலை தாண்டிய வளைவு, இரண்டாவதாக எடுத்த படம். எங்கும் போட மாட்டேன், வீட்டுக்குள் மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் விட்டேன்: அது என் அம்மா. அந்தப் படத்தை எனக்கு அனுப்புவீர்களா?