ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்

கம்பம் ஊரில் எங்கள் வீட்டுச் சாமான் அறையை போட்டோ கழுவும் இருட்டறையாக்கி, படம் பெரிதாக்கும் என்லார்ஜரை மேசையில் பூட்டினேன். எப்படி ஃபோகஸ் வைத்தாலும் படம் கலங்கலாகவே வந்தது. லென்ஸைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன். மேசையில் கை ஊன்றியபோதுதான் அதிர்வு தெரிந்தது. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், மாவு விற்கும் அக்காவின் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சண்டைக்குத்தான் போனேன். படம் பெரிதாக்கும் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கிரைண்டரை நிறுத்தினார். பிறகு, இறந்துபோன தன் கணவர் நிற்கும் கல்யாணக் கூட்டப் படத்தின் நெகட்டிவை எடுத்துவந்தார். அக்காவிடம் இருந்த சின்னப் படத்தில் கணவரின் முகம் அரிசியளவுதான் இருந்திருக்கிறது.

முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஈரத்தோடு கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"சிரிச்சுக்கிட்டுல்ல நிக்கிறாக! இத்தன நாளும் மொறைக்கிறாகன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."