பாத்திரம் தேய்க்கும் நேரத்துக் கண்வலி

கண் மருத்துவமனையில் அவளுக்கு ‘அசையாதீங்க அக்கா’ என்று பெயர். கருவிழியைச் செல் செல்லாகப் படம் பிடிக்கும் நுண்ணோக்கிதான் அவளுடைய ராஜ்ஜியம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, முகவாயைத் தாங்கியில் வைத்து, “அசையாதீங்க” என்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். கிருமி என்று நினைத்து வருஷக்கணக்கில் மருந்து ஊற்றிய கண்களில், பரம்பரை நோயைக் காட்டிக்கொடுத்தவை அவள் எடுத்த படங்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீட்டில்தான் அவள் பாச்சா பலிக்கவில்லை. காலையில் பாத்திரம் தேய்க்கும் முறை வந்தால் போதும், கணவருக்குக் கண்வலி வந்துவிடும்.

“முள்ளு குத்துற மாதிரி இருக்கு. கண்ணத் திறக்கவே முடியல.”

“பாத்திரத்தப் பாத்ததும் குத்துதாக்கும்?”

பத்து மணிக்கு வலி போய்விடும். பதினெட்டு வருஷமாக இதே கதை. போதாக்குறைக்கு, பதினாலு வயது மகளும் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தாள். “அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு, நடிப்புல” என்று அவளுக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

ஒருநாள் கருவியை ரிப்பேர் செய்து முடித்தார்கள். சோதித்துப் பார்க்க நல்ல கண் ஒன்று தேவைப்பட்டது. மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

திரையில், தெளிவாக இருக்கவேண்டிய இடத்தில் இலையுதிர்ந்த கிளைகள்போல் வெள்ளைக் கோடுகள். கருவி இன்னும் சரியாகவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டினாள். அவரையே உட்கார வைத்துப் பார்த்தாள். அவர் கண் சுத்தமாக இருந்தது. மறுபடி கணவர். மறுபடி அதே கோடுகள்.

“அபூர்வமான பரம்பரை நோய்ம்மா” என்றார் டாக்டர். “தூங்கி எழுந்ததும் கருவிழியோட மேல்தோல் உரிஞ்சிடும். உயிர் போற வலி. மருந்து இருக்கு, பிற்காலத்துல பார்வை மங்கினா ஆபரேஷன் இருக்கு. பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

கணவர் காதில் கடைசி வாக்கியம் விழவில்லை. “அந்தப் படத்த எனக்கொண்ணு குடுங்க டாக்டர்!” என்று வாங்கிப்போய், பாத்திரத் தொட்டிக்கு மேலேயே ஒட்டிவைத்தார். அன்று பாத்திரத்தை அவளே தேய்த்தாள். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், மகளை நினைத்துப் பயம் ஒரு பக்கம்.

மறுநாள் மகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். கருவியைப் பிடித்த கை நடுங்கியது.

“அம்மா, நீ அசையாத” என்றாள் மகள்.

திரையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன.

“என்னம்மா தெரியுது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ பொய் சொல்லலன்னு தெரியுதுடி.”